மூலை இல்லாத குலுக்கை

கேள்வி: புது வீட்டுக்கு வட்டமான சாப்பாட்டு மேசைதான் வேண்டும் என்கிறாள் மகள். இந்த வட்ட மோகம் வெறும் ஃபேஷன்தானே? (வாசகர், பசுவந்தனை)

பதில்: இல்லை. கம்பும் சோளமும் குதிரைவாலியும் கொட்டிவைத்த உங்கள் கரிசல்காட்டுக் குலுக்கையே சாட்சி. மண்ணைக் குழைத்து வளையம் வளையமாக ஏற்றிய அதைச் சதுரமாகச் செய்திருந்தால், தானியம் தள்ளுகிற தள்ளில் சுவர் பிதுங்கி மூலையில் விரிசல் விட்டிருக்கும். உருளையில் அழுத்தம் சுற்றிலும் சமமாகப் பரவும். பழைய மணி தங்கிப் பூச்சி பிடிக்க மூலையும் கிடையாது. சிக்கனமும் உண்டு: 40 அடிச் சுற்றளவில் சதுரம் 100 சதுர அடியை வளைக்கும், வட்டமோ ஏறக்குறைய 127. உறுதியும் உண்டு: குஜராத்தின் கட்ச் பகுதியில் புங்கா எனும் வட்ட வீடுகள் பல 2001 பூகம்பத்தையே தாக்குப்பிடித்தன. கண்ணுக்கும் வளைவுதான் பிடிக்கிறது. மோஷே பார், மைட்டல் நேட்டா என்ற ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், கூர்முனைப் பொருட்களைவிட வளைந்தவற்றையே மக்கள் அதிகம் விரும்பினர்.

'சுவரோடு ஒட்டாதே, இடம் வீண்' என்பீர்கள். நியாயம்தான், பீரோவும் கட்டிலும் சதுரமாகவே இருக்கட்டும். சாப்பாட்டு மேசை நடுக்கூடத்தில் கிடப்பது. வட்டத்தில் தலைமை இருக்கை என்று ஒன்று இல்லை, குழம்புச் சட்டி எல்லார் கைக்கும் ஒரே தூரம், ஓடுகிற பிள்ளையின் நெற்றியைப் பதம்பார்க்க முனையும் இல்லை. நாலு பேர் என்றால் தயங்காமல் வாங்குங்கள், நாலடி விட்டம் தாராளம். எட்டுப் பேர் என்றால் நடுவில் கை எட்டாது. அங்கே நீள மேசையே சரி.