பத்தாயிரத்துக்கு ஓர் அடுப்பங்கரை

கேள்வி: எட்டுக்கு ஏழு அடி சமையலறை. வாடகை வீடு. கையில் பத்தாயிரம் ரூபாய் இருக்கிறது. அழகாக மாற்ற முதலில் எதை வாங்கலாம்?
- குடும்பத்தலைவி, மடிப்பாக்கம்

பதில்: ஒரு வாரத்துக்கு எதையும் வாங்காதீர்கள் அம்மா. பரணில், மேடைக்கு அடியில், ஃப்ரிட்ஜ் தலைமேல் இருப்பதையெல்லாம் இறக்கிக் கூடத்தில் பரப்புங்கள். கைப்பிடி போன குக்கர், மூடி தொலைந்த டப்பா, தீபாவளி இனிப்போடு வந்த பிளாஸ்டிக் பெட்டி, வளைகாப்பில் கொடுத்த ஒன்பதாவது எவர்சில்வர் கிண்ணம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு வருஷமாகத் தொடாததை மறுபடி உள்ளே ஏற்றாதீர்கள். எவர்சில்வரையும் அலுமினியத்தையும் பாத்திரக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்; உங்கள் பத்தாயிரம் கொஞ்சம் வளரும்.

அதன் பிறகு முதல் செலவு விளக்கு. நம் வீடுகளில் சமையலறை டியூப்லைட் பெரும்பாலும் நமக்கு முதுகுப் பக்கச் சுவரில் இருக்கும். மேடை முன்னால் நின்றால் நம் நிழலே வெங்காயத்தின் மேல் விழும். மேடைக்கு நேர் மேலே, ஷெல்ஃபின் அடிப்பகுதியில் முன் விளிம்பை ஒட்டி ஓர் எல்இடி பட்டை விளக்கைப் பொருத்தச் சொல்லுங்கள். சில நூறு ரூபாய்தான். எலக்ட்ரீஷியன் கூலி தனி. ஸ்விட்ச் மட்டும் சிங்க்கிலிருந்து தள்ளி இருக்கட்டும். வாங்கும்போது அட்டைப்பெட்டியில் அச்சடித்த எண்ணைப் பாருங்கள். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் கடைக்காரர் அதைத்தான் எடுத்து நீட்டுவார். 3000 என்றால் மஞ்சள். சமையலுக்கு 4000 தான் சரி. சிஆர்ஐ என்ற எண் 90-ஐ ஒட்டி இருந்தால் தக்காளி தக்காளி நிறத்திலேயே தெரியும். விளக்கு மாறிய அன்று ராத்திரி உங்கள் வீட்டுக்காரர் "பெயின்ட் அடிச்சியா?" என்று கேட்பார். கேட்காவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: என் நாத்தனார் நான்கு லட்சத்தில் மாடுலர் கிச்சன் போட்டுவிட்டாள். பார்த்துவிட்டு வந்ததிலிருந்து என் சமையலறைக்குள் நுழையவே பிடிக்கவில்லை.
- ஓர் அண்ணி, ஈரோடு

பதில்: அந்த மாடுலர் கிச்சனின் பாட்டி யார் தெரியுமா? 1926-இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் சாதாரணக் குடும்பங்களுக்காகக் கட்டிய மலிவு வீடுகளின் சமையலறை. மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியப் பெண் கட்டடக் கலைஞர் வடிவமைத்தது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், உங்களுடையதும் அந்த அளவில்தான் இருக்கும். இப்படி ஏறக்குறைய பத்தாயிரம் சமையலறைகள் போட்டார்கள். பணக்கார வீட்டுச் சமாசாரமாக அது பிறக்கவே இல்லை. இடமும் காசும் இல்லாதவர்களுக்காக, ஒரு பெண் எத்தனை அடி நடக்கிறாள், எத்தனை தடவை குனிகிறாள் என்று கணக்குப் பார்த்துச் செய்தது.

அந்த அம்மாள் செய்ததில் பாதியை நீங்கள் காசில்லாமலே செய்யலாம். அரிசி, சர்க்கரை போன்றவற்றுக்குக் கைப்பிடி வைத்த சின்னச் சின்ன அலுமினிய இழுப்பறைகளை வைத்தார். இழுத்து, அப்படியே பாத்திரத்தில் சாய்த்துக் கொட்டலாம். காய் நறுக்கும் பலகை ஜன்னலை ஒட்டி இருந்தது. பக்கத்திலேயே குப்பையைத் தள்ள ஒரு தட்டு. ஈக்கள் அந்த நிறத்தை அண்டாது என்று அப்போது நம்பியதால் அலமாரிகளுக்கு நீலப்பச்சை அடித்தார்கள். நீங்கள் தாளிக்கும் சாமான்களை அடுப்புக்கு ஒரு கை தூரத்தில் வையுங்கள். நறுக்குவதை ஜன்னல் பக்கம் கொண்டுபோங்கள். கழுவிய தட்டு சிங்க்கிலிருந்து நடக்காமலே போய்ச் சேரும் இடத்தில் ஸ்டாண்டை மாட்டுங்கள். நம் அஞ்சறைப்பெட்டி இந்தப் பாடத்தை எப்போதோ படித்து முடித்துவிட்டது: ஒரு மூடியைத் திறந்தால் கடுகும் சீரகமும் மஞ்சளும் கைக்குள். அடுத்த முறை நாத்தனார் வீட்டுக்குப் போனால், உப்பு எடுக்க எத்தனை அடி நடக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் டைல்ஸில் திராட்சைக் கொத்து, ஆப்பிள், அன்னாசிப் படங்கள். நான்கு டைலுக்கு ஒன்று வீதம் சிரிக்கின்றன. உடைக்க ஓனர் விடமாட்டார். ஸ்டிக்கர் ஒட்டி மறைத்துவிடலாமா?
- பழம் பிடிக்காதவர், திருச்சி

பதில்: அடுப்புக்குப் பின்சுவரில் வேண்டவே வேண்டாம். வெப்பத்திலும் ஆவியிலும் பசை இளகி ஓரம் தூக்கும். உள்ளே எண்ணெய் இறங்கும். அதன் பின்னால் கரப்பான் குடியேறும். பிளாஸ்டிக் ஷீட் என்றால் தீப்பற்றும் பயமும் உண்டு.

முதலில் டைல்ஸ் இடுக்கைப் பாருங்கள். பழைய சமையலறையை அழுக்காகக் காட்டுவது பழப்படம் இல்லை, கறுத்துப்போன அந்தக் கோடுகள்தான். சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து இடுக்கில் பூசி, கால் மணி நேரம் விட்டுப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். அப்படியும் போகாத இடத்தில் கொத்தனாரைக் கூப்பிட்டு மேலாகச் சுரண்டி, எபாக்சி க்ரௌட் நிரப்பச் சொல்லுங்கள். சிமென்ட் க்ரௌட்டைவிட விலை கூடுதல். ஆனால் அதில் சாம்பார் கறை இறங்காது. பிறகு அந்தத் திராட்சையில் இருக்கும் ஒரு நிறத்தை, இலைப்பச்சையையோ ஊதாவையோ, தேர்ந்தெடுத்துத் துண்டு, மிதியடி, இரண்டு மூன்று டப்பா மூடிகளுக்கு மட்டும் கொடுங்கள். மற்றதெல்லாம் வெள்ளையும் எவர்சில்வரும். வேண்டுமென்றே போட்ட டைல் மாதிரி ஆகிவிடும்.

கேள்வி: கறுப்பு கடப்பா கல் மேடை வெளுத்துத் திட்டுத் திட்டாகிவிட்டது. எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.
- புதுமணப்பெண், வேலூர்

பதில்: எலுமிச்சை போட்டதால்தான் போகவில்லை! கடப்பா கல் சுண்ணாம்புக்கல் வகை. புளிப்பு பட்டால் அதன் மேல்தோல் அரிக்கும். அந்த வெள்ளைத் திட்டு கறையே இல்லை, காயம். எலுமிச்சை, வினிகர், புளி, பாத்ரூம் ஆசிட் எதுவும் இனி அதன் பக்கம் வரக்கூடாது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்ப்பதைச் சிங்க்குக்குள்ளே வைத்துக்கொள்ளுங்கள். மேடையைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிட்டால் கறுப்பு திரும்பும். அவ்வப்போது செய்ய வேண்டும். திட்டு ஆழம் என்றால் பாலீஷ்காரர்தான் வழி. கிரானைட்டுக்கு இந்தப் பயம் கிடையாது.

கேள்வி: அழுக்கு தெரியாமல் இருக்கச் சமையலறைக்குப் பழுப்பு நிறம் அடிக்கலாம் என்கிறார் என் கணவர்.
- எதிர்க்கட்சி, தஞ்சாவூர்

பதில்: தெரியாத அழுக்கு போய்விட்ட அழுக்கு ஆகாது என்று அவரிடம் சொல்லுங்கள். சின்ன அறைக்கு வெளிர் நிறம்தான். தந்த வெள்ளை, மோர் நிறம், இளம்பச்சை. துடைத்தால் தாங்கும் எமல்ஷன் கேளுங்கள். டைல்ஸ் இல்லாத சுவரில் அடுப்புக்கு இரண்டு பக்கமும் எனாமல் பெயின்ட் அடித்தால் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புத் துணியால் எடுத்துவிடலாம். கணவரின் பழுப்பை அலமாரிக் கதவுக்குக் கொடுத்து வீட்டில் சமாதானம் காணுங்கள்.

கேள்வி: அம்மாவின் பித்தளைக் குடம், உருளி, ஈயச்சொம்பு எல்லாம் பரணில் சாக்குப்பையில். இவற்றை வைத்து அலங்கரிக்க முடியுமா, பழைய காலம் என்பார்களா?
- மகள், காரைக்குடி

பதில்: காரைக்குடியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! உங்கள் ஊர் முனீஸ்வரன் கோவில் தெருவில் இதே மாதிரிச் சாமான்களைத் தேடி எங்கிருந்தெல்லாமோ வந்து விலை பேசுகிறார்கள். உங்களுக்கோ பரணில் இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒன்றாக இறக்கிவிடாதீர்கள். பளபளவென்று தேய்த்து வைக்க உங்களால் எத்தனை முடியுமோ அத்தனை போதும். மூன்று என்றால் மூன்று. உருளியில் வாழைப்பழமும் எலுமிச்சையும் போட்டு மேடை ஓரத்தில் வையுங்கள். உயரமான செம்பில் கரண்டிகளை நிறுத்துங்கள். குடம் ஜன்னல் வெளிச்சம் படும் மூலைக்கு. அதன் கழுத்தில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும், பாருங்கள், வருஷம்கூட இருக்கலாம். அந்த எழுத்து வெளியே தெரிகிற மாதிரித் திருப்பி வையுங்கள். கடையில் எவ்வளவு கொட்டினாலும் அந்தப் பெயரோடு ஒரு குடம் கிடைக்காது.

சமைக்கவும் ஆசை வந்தால் இரண்டு விஷயம். பூச்சு போன பித்தளையில் புளி, தயிர், தக்காளி எதுவும் கூடாது. செம்பு உணவில் இறங்கிவிடும். நம்பிக்கையான ஆளிடம் வெள்ளீயம் பூசி வாங்குங்கள். காரீயம் கலந்தால் விஷம். ஈயச்சொம்பை வெறுமையாக அடுப்பில் ஏற்றாதீர்கள். வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ரசத்தை ஊற்றிவிட்டு, சின்னத் தீயில் வையுங்கள். நுரை கட்டியதும் இறக்குங்கள்.

கேள்வி: கதவில்லாத ஷெல்ஃப் போட்டோவில் அழகாக இருக்கிறது. நமக்குச் சரிவருமா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: போட்டோவில் யாரும் அப்பளம் பொரிப்பதில்லை. அடுப்புப் பக்கம் வேண்டாம். எதிர்ச்சுவரில் ஒரே ஒரு பலகை, அதில் தினமும் கழுவும் டம்ளரும் தட்டும். நவராத்திரி முடிந்து சும்மா நிற்கும் சின்னக் கொலுப்படி இருந்தால் அதுவே ஷெல்ஃப். கண்ணாடிப் பாட்டில்களை அங்கே அடுக்குவதானால் பருப்பும் அரிசியும் போடுங்கள். மிளகாய்த்தூளும் மஞ்சள்தூளும் வெளிச்சத்தில் நிறம் வெளுக்கும். அவை இருட்டிலேயே இருக்கட்டும். மஞ்சள் கறை பிடித்த பிளாஸ்டிக் டப்பாவை வெயிலில் காயவைத்தால் கறை மங்குவதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: மேடைக்கு அடியில் கதவு இல்லை. சிலிண்டர், வாளி, துடைப்பம் எல்லாம் வாசலிலிருந்தே தெரிகிறது.
- பேங்க் ஊழியர், மதுரை

பதில்: மதுரையில் இருப்பவருக்குச் சுங்குடி இருக்கக் கதவு எதற்கு? பழைய சுங்குடிச் சேலை ஒன்று போதும். பருத்தியாக இருப்பது முக்கியம். நைலான் திரை அடுப்பருகே ஆபத்து. ஸ்பிரிங் கம்பியை இரண்டு கொக்கியில் மாட்டி, தரையிலிருந்து மூன்று விரல் தூக்கித் தைத்துவிடுங்கள்; துடைக்கும்போது நனையாது.

சிலிண்டர் நிற்கும் பகுதியை மட்டும் மூடாதீர்கள். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அந்த இடத்தில் கீழே காற்று போய்வர வேண்டும், உங்கள் கை தடையில்லாமல் ரெகுலேட்டருக்குப் போக வேண்டும். சிலிண்டர் தெரிகிறதே என்று வெட்கப்பட வேண்டாம். துடைத்து நிமிர்த்தி வைத்தால் போதும்.

கேள்வி: ஜன்னலில் கறிவேப்பிலை வளர்க்கலாமா?
- செடிப்பிரியை, நாகர்கோவில்

பதில்: அதற்கு நல்ல வெயில் வேண்டும், வாசலுக்கு அனுப்புங்கள். ஜன்னலுக்கு ஓமவல்லி, ஒரு குச்சியை ஒடித்து நட்டாலே பிடித்துக்கொள்ளும், பஜ்ஜிக்கும் ஆகும்.

கேள்வி: எனக்கு எழுபத்திரண்டு வயது. குனிந்தால் இடுப்பு, நிமிர்ந்தால் கழுத்து. பிள்ளைகள் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார்கள். எனக்கு இந்தச் சமையலறையே போதும்; கொஞ்சம் லட்சணமாக இருந்தால் சரி.
- ஒரு பாட்டி, மயிலாடுதுறை

பதில்: பாட்டி, உங்களுக்குத்தான் செலவே கிடையாது. உங்கள் இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட உயரத்தில் இருக்கும் இடத்தை முதலில் காலி செய்யச் சொல்லுங்கள். தினமும் எடுப்பது மட்டும் அங்கே வரட்டும்: ஒரு குக்கர், ஒரு வாணலி, டபரா டம்ளர், காபி ஃபில்டர், அஞ்சறைப்பெட்டி. அரிசி டிரம் தரையில் வேண்டாம். ஸ்டூல் மேல் சின்ன டப்பாவாக வையுங்கள், பெரியதிலிருந்து யாராவது வாரத்துக்கொரு தடவை நிரப்பட்டும். உட்கார்ந்து காய் நறுக்க, ஜன்னலோரம் முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று. தரை வழுக்கினால் சிங்க் முன்னால் ரப்பர் அடி வைத்த மிதியடி. பிள்ளைகள் கொடுக்க நினைக்கும் பணத்தில் நல்ல விளக்கும் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் போடச் சொல்லுங்கள். புகை நின்றாலே சுவர் வெளுப்பு தாங்கும். பரணில் இருப்பதைப் பேரன் லீவுக்கு வரும்போது இறக்குவான். நீங்கள் ஏணி பக்கம் போகவே கூடாது.