மாடிப்படி நானா

உக்குவளையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு மாடிப்படி நானா அகப்படுவார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். சவூதியிலோ கட்டாரிலோ சில காலம் இருந்துவிட்டு வந்தவர். சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் சாரத்தின் மடிப்பில் டேப் இருக்கும். மகளுக்கு மேலே ஒரு வீடு போட வேண்டும், மருமகன் அங்கே வந்து தங்க வேண்டும். அவருடைய திட்டம் அவ்வளவுதான். மகள் தயார், மருமகன் தயார், மேல்தளமும் பாதி தயார். படி மட்டும் இன்னும் யோசனையில் இருக்கிறது.

மேல்தளம் என்றதும் சிலேப் போட்ட புது மாடியை நினைக்க வேண்டாம். வாப்பா காலத்து ஓட்டு வீடு. ஹோலுக்கு மேலே பலகை பாவிய பரண். மிளகும் கராம்பும் சாதிக்காயும் மூட்டை மூட்டையாகக் கிடந்த இடம். அதற்கு ஓர் ஏணி போதுமாக இருந்தது. மிளகு மூட்டை ஏணியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மருமகன் சொல்வார்.

நானா எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே மனிதர்களைப் பார்ப்பதில்லை. கல்யாண வீட்டில் எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மாப்பிள்ளை இறங்கி வந்த படிகளை எண்ணிக்கொண்டிருப்பார். மௌத்து வீட்டுக்கும் போவார். ஸலாம் சொல்லி, பிள்ளைகளின் கையைப் பிடிப்பார். கண் உண்மையாகவே கலங்கும். கலங்கிய கண் மெல்ல நகர்ந்து மூலையிலுள்ள மாடிப்படியில் போய் நிற்கும்.

"இது எத்தன அங்குலம் ஏத்தம், மகன்?"

மேசன் பாஸ் கணக்கைச் சொல்லிக் கொடுக்காமல் இல்லை. கீழ்த் தரையிலிருந்து மேல் தரைக்குப் பத்து அடி, அதாவது 120 அங்குலம். ஒரு படிக்கு ஏழரை அங்குல ஏற்றம் என்றால் 16 ஏற்றம். கடைசி ஏற்றம் மாடித் தரையிலேயே முடிவதால் மிதிப்பதற்கு 15 பலகை. மிதி பத்து அங்குலம் என்றால் பன்னிரண்டரை அடி நீளம் வேண்டும். "ரெண்டு ஏத்தம், ஒரு மிதி, கூட்டினா 24, 25 வரோணும் நானா. இல்லாட்டி முழங்கால் போகும்." இதே விதியைத்தான் 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா ப்ளோண்டெல் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எழுதிவைத்தார். பாஸ் ப்ளோண்டெலைப் படித்தவரல்லர். வயதானவர்களின் முழங்காலைப் பார்த்தவர்.

நானா வீட்டில் சுவருக்கும் குசினி வாசலுக்கும் இடையே இருப்பது ஏழே அடி. அதற்குள் படியை முடிக்க வேண்டும் என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். பாஸ் மறுபடியும் கணக்குப் போட்டார். 11 ஏற்றம், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 11 அங்குலம், மிதி எட்டரை அங்குலம்கூட முழுதாக வராது. "இது படியில்ல நானா, பாக்கு மரம்."

நானா அசரவில்லை. "பொல்கொல்லயில மகாவலிய மறிச்சி, மலைக்குள்ளால எட்டுக் கிலோமீட்டர் தண்ணியக் கொண்டு வந்து, 1976ல இருந்து எங்கட ஊர்ல கரண்ட் எடுக்கிறானுகள். ஒரு மனிசன என்ட ஹோல்ல இருந்து பத்தடி மேல கொண்டு போக ஏலாதா?"

"தண்ணி மேல இருந்து கீழ வருது, நானா."

அதோடு நேரான படி கைவிடப்பட்டது. அடுத்தது இரும்பில் சுழல் படி. அதற்கும் சாட்சி மாவட்டத்துக்குள்ளேயே இருந்தது. சீகிரியாவும் எங்கள் மாத்தளை மாவட்டம்தானே! 5ஆம் நூற்றாண்டில் காசியப்ப மன்னன் சிங்கத்தின் வாய்க்குள்ளால் ஏறுவதற்குக் கட்டிய படி அழிந்து, பாதங்கள் மட்டும் மிஞ்சி, இன்று சனங்கள் அங்கிருந்து இரும்புப் படியில்தான் உச்சிக்கு ஏறுகிறார்கள். "ராஜாவுக்கே கடைசியில இரும்புதான்" என்றார் நானா. குசினிக்குள்ளிருந்து நானாவின் மனைவி ராத்தாவின் குரல் வந்தது: "காசியப்பன்ட மகளுக்கு சீதன அலுமாரி இருந்திச்சா? அத எதால ஏத்தினாங்க?" சுழல் படியும் அன்றே முடிந்தது.

இந்த இடத்தில் நானாவுக்காக நான் கொஞ்சம் வாதாட வேண்டும். ஓட்டுக் கூரைக்குள் மாடி எடுப்பது சிலேப் வீட்டில் படி வைப்பது போன்ற வேலையல்ல. கூரை சரிந்து இறங்குகிறது. முகட்டின் கீழே ஆள் நிமிர்ந்து நிற்கலாம். சுவரோரம் குந்தியிருக்கத்தான் இடம். ஆனால் எல்லோரும் படியைச் சுவரோரம்தான் ஒதுக்கப் பார்ப்பார்கள். ஒதுக்கினால் கடைசிப் படியில் ஏறியதும் தலை கைமரத்தில் இடிக்கும். ஆறடி எட்டு அங்குலமாவது தலைக்கு மேலே வெளி வேண்டும் என்றால், படி முகட்டுக்கு நேர் கீழேதான் போய் முடிய வேண்டும். முகட்டுக்கு நேர் கீழே, ஹோலின் நட்டநடுவில், ராத்தாவின் ஷோகேஸ் நிற்கிறது. உள்ளே கட்டார் கோப்பைகளும் மக்கா படமும். அதை நகர்த்துவதைப் பற்றி நானாவும் பேசியதில்லை, பாஸும் பேசியதில்லை.

பேசத் துணியாத இருவரும் ரயில்வே ஸ்டேஷன் பக்கத் தேநீர்க் கடைக்குப் போய்விடுவார்கள். அங்கே ஆலோசனைக்குப் பஞ்சமில்லை. நடுவில் ஒரு திருப்பம் வைத்து இரண்டு துண்டாக மடிக்கச் சொல்வார் ஓடாவி. நீளம் ஒன்பது அடிக்குள் அடங்கும், அகலம் இரட்டிக்கும், ஹோலில் பாதி போகும். தோட்டத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர் படியை விரல் மடித்து எண்ணுவார்: லாபம், நட்டம், லாபம், நட்டம். 16 என்றால் நட்டத்தில் முடிகிறது, ஐயா, பதினேழாக்குங்கள். நானாவுக்கு அதில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் கேட்ட பிறகு 16 என்ற எண் அவருக்குப் பிடிக்காமல் போய்விட்டது. கல்யாண அழைப்பிதழின் பின்பக்கத்தில் 17 போட்டுப் பார்த்தார். மிதி ஒன்று கூடியது, நீளம் பத்து அங்குலம் கூடியது. லாபத்துக்காகப் பத்து அங்குலம் நட்டம்.

பிரதேச சபைக்குக் கொடுக்க வரைபடம் கீறும் தம்பி, படி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெற்றுச் சதுரம் போட்டுவைத்திருக்கிறார். "நானா முடிவெடுத்தா கீறலாம்." அந்தச் சதுரத்துக்குள் நானா பென்சிலால் கீறி அழித்து, கீறி அழித்து, இப்போது அவ்விடத்தில் தாளே மெலிந்துவிட்டது.

மகளும் மருமகனும் மாத்தளை டவுனில் வாடகை வீடு பிடித்துப் போய்விட்டார்கள். முதல் மாடியில் வீடு, நல்ல படி, ஏழு அங்குல ஏற்றம். நானா அளந்து பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மகளைப் பார்க்கப் போகிறார். பேரனைத் தூக்குவதற்கு முன்னால் கைப்பிடியை ஆட்டிப் பார்க்கிறார்.

பரணில் இந்த வருஷமும் மிளகுதான். ஏணியும் அதே ஏணி.

உங்கள் வீட்டுக்கும் அவர் ஒருநாள் வருவார். வந்தால் விறாந்தையிலேயே இருத்தி, பிளேன்டீ கொடுத்து, ஊர்க் கதை பேசி அனுப்பிவிடுங்கள். மாடி இருக்கும் விஷயத்தை மட்டும் வாய் திறந்து சொல்லிவிடாதீர்கள்.