கே.எஸ். ராஜா உங்க வீட்டுப் பக்கமா?

யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு மெட்ராஸைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மெரினாவில் கதாநாயகன் எந்த இடத்தில் நின்று பாடுவான், எல்.ஐ.சி. கட்டடத்துக்கு 14 மாடி என்பதையெல்லாம் தியேட்டரிலேயே படித்து முடித்திருந்தோம். 1979-இல் நான் படிக்கப் போனது அந்த மேற்படிப்போடுதான்.

போக வேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. 1971-இல் கொண்டுவந்த தரப்படுத்தலும் அதன் பின்னால் வந்த மாவட்டக் கோட்டாவும் நல்ல புள்ளி எடுத்த பிள்ளைகளையும் பல்கலைக்கழக வாசலில் நிறுத்தி வைத்தன. காசு உள்ளவன் லண்டன் போனான். காணியை ஈடு வைக்கக் கூடியவன் மெட்ராஸ் போனான். எங்களிடம் காணி இருந்தது.

தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி இராமேஸ்வரத்தில் இறங்க வேண்டும். கடலைத் தாண்டியதைவிடச் சுங்கத்தைத் தாண்டத்தான் நேரம் எடுத்தது. குற்றம் எங்கள் பெட்டிகளுடையது. 1977-இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா திறந்துவிட்ட பொருளாதாரத்தில் யப்பான் சாமான் எல்லாம் கொழும்புக்கு வந்து குவிந்திருக்க, இந்தியாவிலோ கொக்கோகோலாகூட அதே 1977-இல் மூட்டை கட்டிக்கொண்டு போயிருந்தது. ஆகவே கப்பலில் வந்த ஒவ்வொரு பெட்டியிலும் நைலக்ஸ் சேலை, கராம்பு, சோப்பு. என் பெட்டியில் அம்மா ஒரு டசின் லக்ஸ் வைத்திருந்தா, "ஆராவது பெரிய ஆக்களைக் கண்டால் குடு" என்று. சுங்கத்துப் பெரியவர் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "சிலோன் சோப்புக்கு வாசனையே தனி" என்றார். பெரிய ஆள்தானே, ஒன்று கொடுக்கலாமா என்று நான் யோசிப்பதற்குள் அவரே திருப்பி வைத்துவிட்டார். மிச்சப் பயணம் பாம்பன் பாலம், மீட்டர் கேஜ் ரயில், கரிப்புகை, எழும்பூர்.

விடுதியில் முதல் பிரச்சினை தண்ணீர். வீட்டுக் கிணற்றில் துலா மிதித்து, வாழைக்குப் போகிற தண்ணீரில் பாதியை மேலில் ஊற்றிக்கொண்டு வளர்ந்தவன் நான். இங்கே தலைக்கு ஒரு வாளி. இரண்டாவது பிரச்சினை காலைச் சாப்பாடு. இட்லி மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் பாணும் சம்பலும் தின்று பழகிய நாக்கு ஒரு நாள் பிடிவாதம் பிடித்தது. சமையல்காரரிடம் போய், "அண்ணை, பிரெட் கிடைக்குமா?" என்றேன். கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, காய்ச்சலா?"

இல்லை என்று சொல்லியும் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். வெளியே ஆள் அனுப்பிப் பிரெட் வாங்கி, சூடான பாலும் வைத்து, நான் தின்று முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். சாயந்தரம் வார்டன் விசாரித்தார். அதன் பிறகு பிரெட் தின்ன வேண்டுமென்றால் எங்காவது ஒளிந்து நின்று தின்ன வேண்டியதாயிற்று.

மற்றபடி எனக்குக் கிடைத்த மரியாதைக்குக் குறைவில்லை. அது என் படிப்பால் வந்ததல்ல. தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள் எல்லாரும் இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் குரல் கேட்டு வளர்ந்தவர்கள். "சிலோனா? கே.எஸ். ராஜா உங்க வீட்டுப் பக்கமா?" என்றுதான் பேச்சே தொடங்கும். முதலில் கேட்டவனிடம் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவன் முகம் வாடியதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அடுத்தவனிடம் "பக்கத்து ஒழுங்கைதான்" என்றேன். பி.எச். அப்துல் ஹமீதையும் அவசரத்துக்கு எங்கள் ஊருக்குக் குடிபெயர்த்தேன். வெளிநாட்டு மாணவன் என்று பெயர் பதியப் போன இடத்தில் ரைட்டரும் அதையே கேட்டார். கேட்டுவிட்டு டீ சொன்னார். டீ வருவதற்குள் பதிவும் முடிந்துவிட்டது. முதலமைச்சரே கண்டிப் பக்கம் பிறந்தவராக இருந்த காலம் அது.

பிறகு யுத்தம் வந்தது, கப்பல் நின்றது. 2019-இல் பலாலி சர்வதேச விமான நிலையம் ஆயிற்று. 2024-இல் என் பேத்தி விஸ்காம் படிக்கச் சென்னைக்குப் பறந்தாள். ஒரு மணிச் சொச்சப் பயணம். போவதற்கு முன்பே சென்னையில் எந்த ஹோட்டலில் நெய் ரோஸ்ட் நல்லது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனாள். யூடியூப் அவளுடைய தியேட்டர்.

வீடு தேடியபோதுதான் யூடியூபில் இல்லாத சென்னை தெரிந்தது. தொலைபேசியில் நல்லாத்தான் பேசுவார்களாம். எந்த ஊர் என்று சொன்னதும், "ஸ்ரீலங்காவா? ஓனரைக் கேட்டுச் சொல்றோம்மா." ஓனர் இன்னும் சொல்லவில்லை. 1991 மே 21-இல் ஸ்ரீபெரும்புதூரில் அந்தப் படுகொலை நடந்தபோது அவள் பிறக்க இன்னும் பதினைந்து வருஷம் இருந்தது. வீட்டுக்காரர் ஞாபகத்தில் அந்தக் கணக்கு வேறு. அவரைச் சொல்லியும் குற்றமில்லை. வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் அப்போது 24 மணி நேரத்துக்குள் 'படிவம் சி' கொடுக்க வேண்டியிருந்தது. 180 நாளுக்கு மேற்பட்ட விசாவில் வந்த பிள்ளை 14 நாளுக்குள் இணையத்தில் பதிய வேண்டியிருந்தது. அதற்குத் தங்குமிடச் சான்று கேட்டார்கள். வீடு கிடைத்தால்தான் சான்று. பதிந்த பிள்ளைக்குத்தான் வீடு என்றார் ஒரு தரகர். கடலைத் தாண்டும் நேரம் குறைந்த அளவுக்குக் காகிதம் கூடிவிட்டது. காசிலும் சிக்கல்தான். டீக்கடையில் கையில் 500 ரூபாய் நோட்டோடு நின்றிருக்கிறாள். எல்லாரும் போனைக் காட்டிவிட்டுக் குடித்துப் போக, கடைக்காரரிடம் இவளுக்குக் கொடுக்கச் சில்லறை இல்லை.

கடைசியில் கல்லூரி விடுதியிலேயே இடம் கிடைத்தது. அன்றிரவு வீடியோ அழைப்பில் வந்தாள், முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மப்பா, பக்கத்து ரூம் பிள்ளையள் எல்லாரும் 'கில்மிஷா உங்க வீட்டுப் பக்கமா' எண்டு கேக்கினம்."

2023-இல் 'சரிகமப'வில் சின்னப் பிள்ளைகளுக்கான போட்டியில் வென்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை.

"நீ என்ன சொன்னாய்?"

"அடுத்த ஒழுங்கை எண்டு சொல்லிப்போட்டன்."

நான் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது பெட்டி நிறையச் சோப்பு கொண்டுவந்தாள். 2022-இல் கடைகள் காலியாகி, தமிழ்நாட்டிலிருந்து 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் இங்கே கப்பலேறி வந்ததைப் பார்த்த பிள்ளை. பாட்டிக்குச் சோப்பு தட்டுப்படக் கூடாது என்கிறாள்.

இந்த ஆண்டு பிள்ளையைச் சென்னைக்கு அனுப்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். கடவுச்சீட்டு, விசா, கல்லூரிக் கடிதம் எல்லாவற்றிலும் கட்டுக்கட்டாகப் பிரதி எடுத்து வையுங்கள். வெளியில் வீடு தேடும் முன் விடுதியில் இடம் கேளுங்கள். நூறு ரூபாய்த் தாளாக மாற்றிக் கொடுங்கள். சோப்பு வைக்க வேண்டாம், அங்கே மலிவு.