ஏர்பொக்ஸைக் கழட்டு மருமோன், தடுக்கேல்லை

மருமோன், உன்ரை ஸ்னோமொபைலுக்கு மூச்சு முட்டுதாம் எண்டு கொம்மா சொன்னவ. ஏர்பொக்ஸைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, மினுங்கிற ஃபில்டர் ரெண்டு பூட்டப் போறியாம். செய் ராசா, தாராளமாய்ச் செய். ஒன்ராறியோவிலை பனித்தடத்துக்குச் சட்டம் விட்ட வேகம் மணிக்கு 50 கிலோமீற்றர். உன்ரை வண்டி இப்பவே அதிலை ரெண்டு மடங்கைத் தாண்டி ஓடும். மிச்ச வேகத்தை எங்கை செலவழிக்கப் போறாய் எண்டு பொலிஸ்காரன் கேப்பான். அதுக்கொரு பதிலை மட்டும் ஆயத்தமாய் வைச்சிரு.

இந்தப் புத்தி உனக்குத்தான் முதல் வந்ததெண்டு நினையாதே. கியூபெக்கிலை வல்க்கூர் எண்டொரு ஊர். 1922இலை அங்கை ஒரு 15 வயசுப் பொடியன், ஜோசப் ஆர்மண்ட் பொம்பார்டியே, பழைய ஃபோர்ட் எஞ்சினைச் சறுக்குக் கட்டையிலை ஏத்தி, பின்னுக்குக் காத்தாடி ஒண்டைப் பூட்டி ஊருக்குள்ளை விட்டான். தேப்பன் கண்டார், உடனை கழட்டெண்டார். பொடியன் கழட்டினான். பிறகு 1937இலை பல்லுச்சில்லும் பட்டியும் வைச்சுப் பனியிலை ஓட்டுற முறைக்குக் காப்புரிமை எடுத்தான். 1959இலை ஸ்கிடூவைக் கொண்டுவந்தான். தேப்பன் சொல்லுக் கேட்டவன் கொம்பனி முதலாளி. நீ கொப்பற்றை சொல்லை... சரி, அதை விடு.

உன்ரை ஏர்பொக்ஸ், அந்தக் கறுப்புப் பெட்டி, சும்மா இடத்தை அடைச்சுக்கொண்டு கிடக்கேல்லை. எஞ்சின் உறிஞ்சிற காத்தை ஒழுங்காய்க் குடுக்கிறதும், உறிஞ்சிற இரைச்சலை அடக்கிறதும் அதுதான். உன்ரை பழைய காபரேற்றரிலை பெற்றோல் விடுற ஜெற், அந்தப் பெட்டியை நம்பி அளந்து போட்டது. பெட்டியை எடுத்தால் காத்துக் கூடும், பெற்றோல் அப்பிடியே நிக்கும். ரூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு உள்சூட்டைத் தணிக்கிறதிலை பெற்றோலுக்கும் பங்கிருக்கு. அது காணாத கலவையோடை ஏரியைக் குறுக்காய் முழு விசையிலை இழுத்துக்கொண்டு போ. அக்கரைக்குப் போகேக்கை பிஸ்டன் நடுவிலை ஒரு ஓட்டை விழுந்திருக்கும். பிறகென்ன, காத்து நல்லாய்ப் போய்வரும்.

அதோடை, பெட்டி இல்லாட்டில் எஞ்சின் உறிஞ்சிறது மூடிக்குள்ளை கிடக்கிற சூட்டுக் காத்தை. வெளியிலை காசில்லாமல் கிடக்குது குளிர்காத்து. மைனஸ் 30 பாகையிலை அது 0 பாகைக் காத்தை விட 12 வீதம் அடர்த்தி. குளிருக்கும் உயரத்துக்கும் எந்த ஜெற் எண்டு கொம்பனிக்காரன் அட்டவணை போட்டுத் தந்திருக்கிறான். அதை வாசிக்கக் காசு கேக்கமாட்டினம். முதல் அந்தப் பெட்டியைத் திறந்து பார். கோடை முழுக்கக் கொட்டிலிலை கிடந்த வண்டி; உன்ரை சீற்றுப் பஞ்சைப் பிய்ச்சு எலி உள்ளுக்குக் கூடு கட்டியிருக்கும். நீ தேடித் திரியிற குதிரைச் சக்தியிலை கொஞ்சம் அதுக்குள்ளை கிடக்கும்.

கை வைச்சே தீருவன் எண்டால் கிளச்சிலை வை. எஞ்சினோடை முன் கிளச், பட்டியை ஓட்டுற பக்கம் பின் கிளச், நடுவிலை ஒரு பெல்ட். எஞ்சின் சுத்து ஏற, முன் கிளச்சுக்குள்ளை இருக்கிற எடைகள் வெளியாலை எறிபட்டுக் கன்னங்களை நெருக்கும். பெல்ட் மேலை ஏறும். எடை கூடினால் சுத்து இறங்கும், குறைஞ்சால் ஏறும். உன்ரை எஞ்சினுக்கு 8000 சுத்திலைதான் முழுப் பெலன் எண்டு புத்தகத்திலை கிடந்தால், முழு விசையிலை சுத்துக் காட்டுற முள்ளு அதிலை நிக்கோணும். 7500இலை படுத்துக் கிடந்தால், எல்லா எடையிலையும் ஒரே அளவாய் ஒண்டு ரெண்டு கிராம் குறைச்சுப் பார். ஒண்டிலை குறைச்சு மற்றதை மறந்தியோ, கிளச் உதறுற உதறலிலை உனக்கு ஞாபகம் வரும். பிரிட்டிஷ் கொலம்பியா மலையேறிற ஆக்களுக்கு ஒவ்வொரு 1000 அடிக்கும் கிட்டத்தட்ட 3 வீதம் பெலன் போகும். அவை எடை குறைக்கிறதிலை நியாயம் இருக்கு.

காசில்லாத சோதினை ஒண்டு சொல்லுறன். எஞ்சினை நிப்பாட்டித் திறப்பை எடுத்துப்போட்டு, மாக்கர் பேனையாலை முன் கிளச்சின்ரை கன்னத்திலை, நடுவிலையிருந்து விளிம்பு மட்டும் ஒரு கோடு கீறு. கிளச் மூடியைப் பூட்டி ஓடிப்போட்டு வந்து பார். பெல்ட் எவ்வளவு உயரம் ஏறினதோ அவ்வளவுக்குக் கோடு அழிஞ்சிருக்கும். அப்பிடியே பின் கிளச்சையும் தொட்டுப் பார். கை வைச்சிருக்கேலாத சூடெண்டால் பெல்ட் வழுக்குது. கன்னத்திலை பிடிச்ச பெல்ட் தூளைத் துடை, ரெண்டு கிளச்சும் நேராய் நிக்குதோ பார். மூடி இல்லாமல் ஓடவிட்டு எட்டிப் பாக்கிறவைக்குப் பிறகு பத்து எண்ண விரல் காணாது.

இவ்வளவும் கேட்டபிறகும் கழட்டத்தான் போறியெண்டால், அந்த ஏர்பொக்ஸை எறிஞ்சுபோடாதே. என்ரை கராஜிலை கொண்டுவந்து வை. மாசியிலை நீ வண்டியை விக்க வெளிக்கிடேக்கை, வாங்கிறவன் முதல் கேக்கிறது அதைத்தான். அப்ப அதுக்கு என்ன விலை எண்டு நான் சொல்லுறன்.