நட்டநடுவில் ஓர் இடம்

1584. தென்சீனத்துச் சாவ்சிங் நகரில் இத்தாலியப் பாதிரியார் மத்தேயோ ரிச்சியின் வீட்டுச் சுவரில் ஓர் உலகப் படம் தொங்கியது. பார்க்க வந்த படித்தவர்களுக்கு முகம் சுண்டிவிட்டது. உலகமே தாங்கள்தான் என்றிருந்தவர்களுக்குக் கிழக்கோரத்தில் ஒரு மூலை!

பாதிரியார் விவரமானவர். உருண்டையை எங்கே வெட்டி விரித்தால் என்ன? சீனப் பதிப்புக்கு அட்லாண்டிக் பக்கமாகக் கத்தியை வைத்தார். சீனம் நடுப்பக்கம் வந்தது. சொந்த இத்தாலி இடது ஓரத்துக்குப் போனது.

1602இல் சீன அறிஞர் லீ ஜிசாவின் உதவியோடு பெய்ஜிங்கில் ஆறு பலகைகளாக அந்தப் படம் பெரிதாக அச்சானது. 1608இல் வான்லி மாமன்னரின் அரண்மனையே பிரதிகள் கேட்டது.

வெய் ஜுன் என்ற அறிஞருக்கு மட்டும் மனம் ஆறவில்லை. சீனம் நட்டநடுவில் இல்லையாம். சற்றே மேற்கே, சற்றே வடக்கே இருக்கிறதாம். மேற்கையாவது சரிக்கட்டலாம். வடக்குக்காகப் பூமத்திய ரேகையையா நகர்த்துவது?