அடுப்புச் சாம்பல்: ஒரு பொருளியல், வேதியியல், பாத்திரவியல் ஆய்வு

தமிழகக் கிராம வீடுகளின் வரவு செலவை ஆராய வந்தவர்கள் நெல்லை அளந்தார்கள், பாலை அளந்தார்கள், கோழி முட்டையைக்கூட எண்ணிப் பார்த்தார்கள். அடுப்புச் சாம்பலைத்தான் யாரும் மதிக்கவில்லை. காலணாச் செலவில்லாமல் தினமும் உற்பத்தியாகி, பாத்திரம், தோட்டம், விதை, மீன் என்று நாலு பக்கமும் கிராக்கி இருந்த சரக்கு அது. இக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

பொருள் அற்பமென்று நினைப்பவர்கள் அமெரிக்க வரலாற்றைப் புரட்டலாம். அந்நாடு வழங்கிய முதல் காப்புரிமையே சாம்பல் சம்பந்தப்பட்டதுதான். மரச் சாம்பலிலிருந்து பொட்டாஷ் எடுக்க மேம்பட்ட முறை கண்ட சாமுவேல் ஹாப்கின்ஸுக்கு 1790 ஜூலை 31 அன்று அது கிடைத்தது. கையெழுத்திட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். சோப்புக்கும் கண்ணாடிக்கும் பொட்டாஷ் இல்லாமல் முடியாத காலம். நம் ஊர்க் கொல்லைப்புறத்தில் தேங்காய் நாரும் கையுமாகக் குந்தியிருந்த பெண்கள் நடத்தியதும் அதே வேதியியல்தான். அவர்களுக்குக் கிடைத்தது காப்புரிமை அல்ல, அடுத்த வேளைப் பாத்திரங்கள்.

அந்த வேதியியலைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். விறகுச் சாம்பலில் அதிகம் இருப்பது கால்சியம் கார்பனேட். பொட்டாசியம் கார்பனேட் குறைவுதான், ஆனால் வேலைக்காரன் அவனே. ஈரம் பட்டதும் கரைந்து காரமாகிறான். எண்ணெய்ப் பிசுக்கைப் பிடித்து அரைகுறைச் சோப்பாக்குகிறான். கரையாத துகள்கள் மிச்ச அழுக்கைச் சுரண்டிக்கொடுக்கின்றன. ஒரு பிடிச் சாம்பலில் சோப்பும் உண்டு, உப்புத்தாளும் உண்டு.

பித்தளை விஷயத்தில் மாமியார் மரபு ஒரு விதி வகுத்திருக்கிறது: முதலில் புளி, பிறகு சாம்பல். புளியின் அமிலம் களிம்பை எடுக்கும். சாம்பலின் காரம் மிஞ்சிய புளிப்பை முறித்துப் பளபளப்பு ஏற்றும். அவசரக்கார மருமகள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்தால் ஒன்றை ஒன்று முறித்துக்கொள்ளும், கை வலி மட்டும் மிஞ்சும். அலுமினியம் வந்தபோது இந்த மரபு சறுக்கியது. காரம் அந்த உலோகத்தையே அரித்துக் கறுக்கடித்துவிடும். பழக்க தோஷத்தில் சாம்பல் போட்டுத் தேய்க்கப்பட்டு, நாளாக நாளாகக் கறுத்துப்போன சட்டிகள் இதற்குச் சாட்சி.

எரிபொருளைப் பொறுத்துச் சாம்பலிலும் சாதி பேதம் உண்டு. தென்னை மட்டைச் சாம்பலில் பொட்டாசியம் தாராளம், எனவே தோட்டத்துக்கு உகந்தது. உமிச் சாம்பலில் முக்கால் பங்குக்கு மேல் சிலிக்கா. உரமாக அதற்கு மவுசு குறைவு, தேய்ப்பதில் சூரன். முழுக்க எரியாத உமிதான் உமிக்கரி. பல் வெளுக்க அதைத் தேய்த்த தலைமுறை எனாமலையும் கொஞ்சம் சேர்த்தே தேய்த்தது. பாலித்தீன் பை போட்டுத் தீ மூட்டுகிற இக்காலத்து அடுப்பின் சாம்பல் எந்தச் சாதியிலும் சேராது. குப்பைக்குக்கூட அது பாரம்தான்.

விதைத் துறையில் சாம்பலின் சேவை தனி அத்தியாயம் பெறத் தக்கது. தட்டைப்பயறை அடுத்த பட்டத்துக்கு எடுத்துவைக்கும்போது சலித்த சாம்பலைக் கலந்து பானையில் அடைப்பார்கள். பயறுகளுக்கு நடுவே இருக்கும் சந்துகளைச் சாம்பல் நிரப்பிவிடுவதால் வண்டுக்கு நடமாட இடம் இல்லை. உடம்பின் மெழுகுப் பூச்சும் உரசலில் தேய்ந்து, ஈரம் வற்றிச் சாகிறது. விஷம் வைத்துக் கொன்ற பாவம் யாருக்கும் இல்லை. அவரைக்கொடியில் அசுவினி அப்பினால் பனி காயும்முன் இலைமேல் சாம்பல் தூவுவதும் உண்டு. ஈரத்தில்தான் அது ஒட்டும். விரால் மீன் வாங்கிய வீட்டில் கேட்கவே வேண்டாம். சாம்பல் இல்லாமல் அந்த வழுக்கலைப் பிடித்து அரிய முடிந்தவர் யார் என்பது மேலாய்வுக்குரியது.

இரவில் கங்கை மூடிக் காத்து, காலையில் தீப்பெட்டிக் குச்சி ஒன்றை மிச்சப்படுத்தியதும் இதே சாம்பல்தான்.

பிறகு எரிவாயு வந்தது. தமிழகத்தில் 2006-இல் அமைந்த அரசு இலவச எரிவாயு அடுப்பு கொடுத்தது. 2016-இல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கியது. சாம்பல் பார்த்த வேலையையெல்லாம் சபீனாவும் பார் சோப்பும் பூச்சிமருந்துப் புட்டியும் பங்கு போட்டுக்கொண்டன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விலை. இதை நினைத்து விறகடுப்புக்குத் திரும்பச் சொல்பவர், புகையில் கண் எரிய ஊதுகுழல் பிடித்தவராக இருக்க மாட்டார். நுரையீரலைக் கொடுத்துச் சாம்பல் வாங்குவது சிக்கனக் கணக்கில் வராது.

ஆனால் பல வீடுகளின் கொல்லையில் வெந்நீர் அடுப்பு இன்னும் எரிகிறது. அந்தச் சாம்பல்தான் கேட்பாரற்று மழையில் கரைகிறது, அதோடு பொட்டாசியமும். வைத்திருப்பவர்கள் நன்றாக ஆறவிட்டுச் சலித்து, மூடியுள்ள தகர டின்னில் ஈரம் படாமல் வைக்கட்டும். வாழைக்கும் கத்தரிக்கும் அளவாகப் போடலாம். களர் நிலத்தில் போட வேண்டாம். ஏற்கெனவே காரமான மண் அது. அம்மோனியம் சல்பேட்டோடு கலந்துவிடவும் வேண்டாம்; காசு கொடுத்து வாங்கிய தழைச்சத்து அம்மோனியாவாகிக் காற்றோடு போய்விடும்.