நெல்லைச் சீமை வீட்டு முகடுகள்: மறைப்பும் சுரண்டலும் குறித்த ஒரு முதற்கட்ட ஆய்வு

திருநெல்வேலிச் சீமையின் வரலாற்றை ஆராய்ந்தவர்கள் எல்லோரும் குனிந்தே ஆராய்ந்தார்கள். அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் ஆதிச்சநல்லூர்ப் பரம்பைத் தோண்டித் தாழிகளை எடுத்தார். கால்டுவெல் ஐயர் 1881-இல் இந்த ஜில்லாவின் சரித்திரத்தைப் புத்தகமாக்கியபோது பாண்டியரையும் விடவில்லை, பாளையக்காரரையும் விடவில்லை. அவர் உட்கார்ந்து எழுதிய அறையின் முகடு எப்படி இருந்தது என்று இன்றுவரை எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. தரையை மிதிக்கிறோம், சுவரில் சாய்கிறோம், தலைக்கு மேல் உள்ளதை மட்டும் அதுபாட்டுக்குக் கிடக்கட்டும் என்று விட்டுவிடுகிறோம். அந்தக் குறையைத் தீர்க்கவே இவ்வாய்வு எழுந்தது.

தகவலாளிகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். முகட்டை ஊன்றிப் பார்க்கிறவர்கள் ஒரு வீட்டில் மூன்று பேர்தான்: தொட்டில் குழந்தை, படுக்கையில் விழுந்த பெரியவர், வேலை கிடைக்காமல் விட்டத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் பட்டதாரி. குழந்தைக்குப் பேச்சு வரவில்லை. பெரியவரிடம் உத்திரத்தைப் பற்றிக் கேட்டால் உத்திரம் வாங்கிய வகையில் மைத்துனர் தரவேண்டிய பாக்கிக்குப் போய்விடுகிறார். ஆகவே பட்டதாரியையே பெரிதும் நம்பியிருக்கிறோம். பட்டாசலில் எந்த உத்திரத்தில் எந்த ஆணி துருவேறியிருக்கிறது என்பதை அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். அபிஷேகப்பட்டியில் 1990 முதல் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் நடக்கிறது. இத்தனை தேர்ந்த அவதானிகளை உள்ளூரிலேயே வைத்துக்கொண்டு முகட்டியலுக்கென ஒரு துறை அங்கே திறக்கப்படாதது வருந்தத்தக்கது.

இனி ஆய்வுப் பொருள். நெல்லை டவுனில் ரத வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளிலும், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்து அக்கிரகாரங்களிலும் இருக்கிற மூல முகடு கட்டைக்குத்து. தேக்கு உத்திரத்தின் மேல் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, ஒரு அங்குலக் கனமே உள்ள சிறு செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் தோய்த்து, குத்துக்குத்தாகச் சாய்வரிசையில் அடுக்குவார்கள். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள்கணக்கில் மரப்பலகையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கடுக்காய் ஊறவைத்த நீரும் கருப்பட்டியும் அந்தச் சுண்ணாம்புக்குள் போயிருக்கும். கடைசியில் தட்டோடு பதித்தால் தட்டட்டி தயார். வசதி குறைந்த வீடுகளில் தேக்குக்குப் பதில் வைரம் பாய்ந்த பனங்கை. சுண்ணாம்பு நிற்குமா என்று சந்தேகப்படுகிறவர்கள், சிமெண்ட் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத 1843-இல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தில் ஒருதரம் நடந்து பாளையங்கோட்டைக்குப் போய்வரலாம்.

கீழே படுத்துப் பார்த்தால் கட்டை, இடுக்கில் செங்கல் விளிம்பு, மறுபடி கட்டை என்று வரிவரியாக மேடுபள்ளம். இன்று கடைக்காரர் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி 'டெக்ஸ்சர்' என்று விற்பது நம் தாத்தாக்களுக்கு இனாமாகக் கிடைத்தது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. அந்த இனாமைத்தான் மூன்று தலைமுறையாகக் காசு கொடுத்து மறைத்து வருகிறோம்.

மறைப்பு வரலாறு தாழையூத்தில் தொடங்குகிறது. சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் தொடங்கிய இந்தியா சிமெண்ட்ஸின் முதல் ஆலை 1949-இல் அங்கே ஓடத் தொடங்கியது. சிமெண்ட் ஊர் வாசலுக்கே வந்துவிட்டபோது கட்டைக்குத்து கட்டுகிற பொறுமை யாருக்கு இருக்கும்? ஆர்.சி. கூரை வந்தது. சென்ட்ரிங் பலகையைப் பிரித்ததும் கான்கிரீட்டில் பலகையின் ரேகை அப்படியே பதிந்திருக்கும். அதுவும் ஒரு டெக்ஸ்சர்தான். ஆனால் புது வீட்டுக்காரருக்குப் பலகை ரேகை, கையில் காசு தீர்ந்ததன் அடையாளமாகத் தெரிந்தது. கொத்திவிட்டுப் பூசினார். பூசியது மொழுமொழுவென்று இருக்கவே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஃபேனைச் சுற்றிப் பூ வைத்தார். பூவுக்குள் தூசி அடையவே அடுத்த தலைமுறை ஜிப்சம் பலகை அடித்துப் பூவை மூடியது.

இது நெல்லைக்கு மட்டும் வந்த வியாதி அல்ல. அமெரிக்காவில் 1950-களிலிருந்து முப்பது வருஷம்போல, முகட்டில் சோளப்பொரி ஒட்டியது மாதிரி ஒரு பூச்சைப் பீய்ச்சி அடித்தார்கள். பூச்சு வேலையின் கோணல் கண்ணுக்குத் தெரியாது, அறைக்குள் சத்தமும் அடங்கும். பலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்ததால் அந்த நாட்டு அரசு 1978-இல் அத்தகைய பூச்சுக்குத் தடை போட்டது. இன்று அங்கே பழைய வீடு வாங்குகிறவர், முதலில் ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பி, ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று தெரிந்தபின் தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டுகிறார். இருந்தால் அதற்கென்று உள்ள ஆட்களைக் கூப்பிட வேண்டும். அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளை டெக்சாஸில் சனி ஞாயிறு முழுக்க ஏணியில் நின்று சொரசொரப்பைச் சுரண்டிக்கொண்டிருக்க, இங்கே அவர் மாமனார் அதே சொரசொரப்பை சதுர அடி இவ்வளவு என்று பேசி ஹாலில் அடித்துக்கொண்டிருக்கிறார். இருவரும் வீடியோ காலில் ஒருவர் முகட்டை ஒருவர் காட்டிப் பெருமைப்படுவது ஆய்வுலகம் கவனிக்க வேண்டிய காட்சி. ஆஸ்பெஸ்டாஸைப் பொறுத்தவரை நாம் நிமிர்ந்தே நிற்கிறோம்: ஷீட் இன்னும் கடையில் தாராளமாகக் கிடைக்கிறது.

முகடு எப்போது மாறும் என்பதற்கு ஒரு விதி உண்டு. ஒரு வீட்டின் உள்பூச்சு, அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நாற்பது நாள் முன்னால் மாறத் தொடங்கும். மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் வரை முடியாது. பொங்கலுக்குச் செய்கிற வெள்ளையடிப்பு இதில் சேராது, அது சுவரோடு சரி. இவ்விதிக்கு நமக்குத் தெரிந்த ஒரே விலக்கு நெல்லையப்பர் கோயில். பஞ்ச சபைகளில் ஒன்றான தாமிர சபை அங்கே இருக்கிறது. மேலே செப்புத் தகடு, உள்ளே நிமிர்ந்தால் மர வேலைப்பாடு. வருஷா வருஷம் ஐப்பசியில் காந்திமதியம்மனுக்குத் திருக்கல்யாணம் நடக்கிறது. அதற்காக ஒருமுறைகூட யாரும் அங்கே ஃபால்ஸ் சீலிங் பேசியதாகத் தெரியவில்லை. ஆற்றோடு மேற்கே போனால் திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகள் முழுக்க நாயக்கர் காலத்துச் சுவரோவியமும் மரச்சிற்பமும். நல்ல வேளையாக மாப்பிள்ளை வீட்டார் யாரும் அந்தக் குறுகலான படியில் ஏறிவருவதில்லை.

சுரண்டலியலுக்கு வருவோம். இந்தத் துறையின் அறிஞர் பெயிண்டர். ஒரு பழைய பட்டாசலில் அவர் பட்டித் தகடால் நெம்பி எடுத்த சில்லு ஒன்றை இக்கட்டுரையாளர் விளிம்பு வாக்கில் பிடித்துப் பார்த்ததுண்டு. உள்ளங்கை அகலம், நகத்தின் கனம். மேலே சந்தன நிற எமல்ஷன்: கடைக்குட்டியின் கல்யாணம். அதன்கீழ் இளம்பச்சை டிஸ்டெம்பர்: பெரியவளுடைய கல்யாணம். அதற்கும் கீழே நீலம் கலந்த சுண்ணாம்பு ஏழெட்டுப் பூச்சு, இன்னதென்று பிரிக்கமுடியாமல் ஒன்றாக இறுகி, நுனியில் அடுப்புப் புகையின் கறுப்போடு. வீட்டு ஆச்சி அதை வாங்கிப் பார்த்து, பச்சை அடித்த வருஷம்தான் சம்பந்தி வீட்டுக்காரர்கள் பந்தியில் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள் என்று காலத்தை உறுதி செய்தார். கரிமக் கணிப்புக்கு அனுப்ப வேண்டிய செலவு மிச்சம்.

ஏன் சுரண்டவேண்டும்? சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத் திரும்பவும் கல்லாகிற பொருள். சுவரின் ஈரத்தை வெளியே விட்டு வாங்கும். அதன் மேல்பரப்பு எப்போதும் மாவாக உதிரும். அந்த மாவின் மேல் பிளாஸ்டிக் பிசின் கலந்த எமல்ஷனை அடித்தால் பெயிண்ட் சுவரைப் பிடிக்காது, மாவைத்தான் பிடிக்கும். உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே வர வழியில்லாமல் முட்ட, ஒரு மழைக்காலத்தில் பூச்சு கல்லிடைக்குறிச்சி அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கும். பெயிண்டர் இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "அண்ணாச்சி, சுரண்டாம மேல அடிச்சா, வார ஐப்பசிக்கு நாம மறுபடியும் பாத்துக்கிடலாம்."

முறையும் எளிதுதான். தண்ணீர் அடித்து ஊறவிட வேண்டும். காய்ந்த சுண்ணாம்பைச் சுரண்டினால் தூசி வீடு முழுக்கப் பறக்கும், கண்ணில் விழுந்தால் எரித்துவிடும். ஊறியபின் சுரண்டி, உப்புப் பூத்த இடத்தைக் கொத்திப் பூசிக் காயவிட்டு, பிரைமர் அடித்து, இரண்டு கை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி பிரைமர், பிறகு எமல்ஷன். இத்தனையும் சாரத்தின் மேல் கழுத்தை ஒடித்துக்கொண்டு. நடுவில் வீட்டுக்காரர் கீழே நாற்காலியில் சாய்ந்தபடி, 'அந்த மூலையில் ஒரு திட்டு தெரியுதே' என்பார். அவர் வாழ்நாளிலேயே அந்த மூலையை அன்றுதான் பார்க்கிறார்.

நிறத் தேர்வில் நம்மைவிட அதிகாரம் உள்ள ஒருவரைக் குறிப்பிடாமல் போகக்கூடாது. 2023 டிசம்பர் 17, 18-இல் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவானது. தாமிரபரணி ஜங்ஷன் பக்கத்து வீடுகளுக்குள் சொல்லாமல் வந்து, சுவர் முழுக்க ரசமட்டம் வைத்தாற்போல ஒரே நேராக ஒரு சேற்றுக்கோடு போட்டுவிட்டுப் போனது. ஊறிய ஜிப்சம் தொங்கிப்போக, பட்டி பொங்கி உதிர, பல வீடுகளில் அடியில் இருந்த பழைய பூச்சு வெளிச்சத்துக்கு வந்தது. எந்தக் கல்யாணமும் இல்லாமல் உள்பூச்சு மாறிய பருவம் அது. நமது விதி அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்று எதிர்வாதம் வரலாம். ஏற்கிறோம்.

ஃபால்ஸ் சீலிங்கால் விளைந்த சேதங்களில் பெரியது சாஸ்திர சேதம். பஞ்சாங்கத்தில் பல்லி சொல்லுக்கும் பல்லி விழுவதற்கும் தனித்தனி அட்டவணை உண்டு. சொல்லுக்குக் கிழமையும் திசையும் வேண்டும். விழுவதற்கு உடம்பில் எந்த இடம், வலமா இடமா என்று தெரியவேண்டும். பழைய முகட்டில் பல்லி கட்டை இடுக்கில் வசித்தது. எங்கிருந்து சொன்னது என்று விரல் நீட்டிக் காட்டலாம். விழுந்தால் நேராக மனிதர்மேல் விழும், பலன் சுடச்சுடக் கிடைக்கும். இன்று பல்லிகள் அத்தனையும் ஜிப்சத்துக்கு மேலே குடியேறிவிட்டன. சொல்வது கேட்கிறது, ஆனால் அந்தப் பொந்துவெளியில் சத்தம் சுற்றிச் சுற்றி வருவதால் கிழக்கா தென்கிழக்கா என்று நிர்ணயிக்க முடிவதில்லை. விழுவதோ பலகைமேல் 'தொப்' என்று விழுகிறது. பலகையின் எந்தப் பாகத்தில் விழுந்தால் என்ன பலன், அந்தப் பலன் வீட்டுக்காரருக்கா, பலகை அடித்தவருக்கா? பஞ்சாங்கக்காரர்கள் இதுகுறித்து இதுவரை வாய் திறக்கவில்லை. மரநாய் ஓடினால் என்ன செய்வது என்பதற்கு அட்டவணையே இல்லை.

ஊஞ்சல் கொக்கி அடுத்த புதிர். உத்திரத்தில் ஊஞ்சலுக்கென்று நான்கு இரும்புக் கொக்கிகள் இருக்கும். பலகை அடிக்கிற அவசரத்தில் அவற்றையும் சேர்த்து மூடிவிடுவார்கள். பிறகு ஊஞ்சல் சடங்குக்கு நேரம் வந்தபோது பெரியப்பா மகன் ஏணியில் ஏறி முகடு முழுக்கத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்பார். தட்டுகிற சத்தத்தை வைத்துக் கொக்கியைக் கண்டுபிடிக்கும் கலை இன்னும் கைவரவில்லை. இதுவரை கிடைத்தது ஒயரிங் மட்டுமே. மூடுவதற்கு முன் அளவு நாடாவோடு ஒரு போட்டோ எடுத்து வைக்கலாம் என்பது ஆய்வாளரின் பணிவான யோசனை.

அண்மைக்காலப் போக்கு ஒன்றைப் பதிவு செய்தாக வேண்டும். பழைய வீட்டை இடிக்கிறவர்கள் உத்திரத்தை மரக்கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இப்படிப்பட்ட தூண்களும் கதவுகளும் நல்ல விலைக்குப் போவது ஊரறிந்தது. விற்ற காசில் கட்டும் புது வீட்டு முகட்டில், தேக்கு ரேகை அச்சடித்த பிவிசி பட்டையை உத்திரம் மாதிரி வரிசையாக ஒட்டுகிறார்கள். உத்திரத்தை விற்காமல் வீட்டை மட்டும் புதுப்பிக்கிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே. நெல்லை டவுனில் ஒரு வீட்டில் வேலை தொடங்கும் முன் நடந்த உரையாடலை இக்கட்டுரையாளர் தார்சாவில் இருந்து குறித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, மேல இருக்கது அசல் தேக்கு."

"ஆமா, தாத்தா காலத்து மரம்லா."

"அதுக்குக் கீழ ஜிப்சம். ஜிப்சத்துக்குக் கீழ தேக்கு டிசைன் பட்டை ஒட்டச் சொல்லுதீக. மேலயும் தேக்கு, கீழயும் தேக்கு. நடுவுல அது எதுக்கு அண்ணாச்சி?"

"நடுவுலதானய்யா லைட்டு வருது."